உயிர் போன லேப்டாப், பூட்டிக் கிடந்த டிஸ்க்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தூத்துக்குடியில் கம்ப்யூட்டர், லேப்டாப் பழுதுபார்க்கும் சின்னக் கடை என்னுடையது. இது 2024 நவம்பரில் வந்த ஒரு வேலை. வந்தவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மீட்டரில் பார்த்த அளவுகளும் வேலை நடந்த வரிசையும் என் நோட்டில் இருக்கிறபடியே இருக்கின்றன.

கொண்டுவந்தவர் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிப் பகுதி நேரமாக முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவர். மூன்று வருடங்களாக அளம் அளமாகப் போய், செல்போனில் 43 பேட்டிகள் பதிவு செய்திருந்தார். போனில் இடம் போதாமல் எல்லாவற்றையும் லேப்டாப்புக்கு மாற்றிவிட்டு, போனிலிருந்து அழித்தும் விட்டார். ஆய்வுச் சுருக்கம் கொடுக்க இன்னும் 19 நாட்கள் இருந்தன.

லேப்டாப் 2022இல் வாங்கியது. விண்டோஸ் 11 ஹோம், 512 ஜிபி எஸ்எஸ்டி. முந்தின ஞாயிற்றுக்கிழமை இரவு மூடி வைத்திருக்கிறார், திங்கள் காலை திறந்தால் ஒன்றுமே இல்லை. விளக்கு எரியவில்லை, ஃபேன் சத்தமும் இல்லை.

என்னிடம் வருவதற்குள் அது இரண்டு இடங்களைப் பார்த்துவிட்டது. கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் மதர்போர்டு மாற்ற வேண்டும், ₹24,000 ஆகும், உள்ளே இருக்கும் ஃபைல்களுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று ஒரு தாளை நீட்டியிருக்கிறார்கள். கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டார். அடுத்துப் போன கடையில் வேறு அடாப்டர் போட்டுப் பார்த்தார்கள், லேப்டாப் எழும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸின் பேட்டரியைக் கழற்றி மாட்டினார்கள், எஸ்எஸ்டியை வெளியே எடுத்து இன்னொரு கம்ப்யூட்டரில் செருகினார்கள். "டிஸ்க் லாக் ஆயிருக்கு, ஃபார்மட் போட்டாத்தான் உண்டு" என்றார்களாம். நல்லவேளை, அதற்கும் இவர் ஒத்துக்கொள்ளவில்லை.

துணிப்பையில் லேப்டாப், மருந்துக்கடைக் கவர் ஒன்றில் அதன் ஸ்க்ரூக்கள். மேசையில் வைத்துவிட்டு அவர் சொன்னது: "அண்ணே, மிஷின் போனாப் போகுது. உள்ள இருக்கிற பேச்சு மட்டும் வந்தாப் போதும்."

அந்த ஒரு வார்த்தை எனக்குப் பெரிய உதவி. லேப்டாப்பை எழுப்புவது ஒரு வேலை, ஃபைலை எடுப்பது வேறு வேலை. எது முக்கியம் என்று ஆரம்பத்திலேயே தெரியாவிட்டால், முதல் வேலைக்காகச் செய்யும் ஏதோ ஒன்று இரண்டாவதைக் கெடுத்துவிடும்.

முதல் நாள்: அடாப்டர் விளக்கு

வழக்கமான பரிசோதனைகளைச் சீக்கிரமே முடித்தேன். அடாப்டரைச் சுவரில் செருகினால் அதிலுள்ள சின்ன வெள்ளை விளக்கு எரிந்தது. மீட்டரில் 19.5 வோல்ட். பின்னை லேப்டாப்பில் செருகியவுடன் விளக்கு அணைந்தது. உருவியெடுத்து சுவர் பிளக்கையும் ஒரு தடவை கழற்றி மாட்டினால் மறுபடி எரிந்தது. மூன்று முறை செய்தும் அதே கதைதான்.

இதைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். போர்டில் கரண்ட் நுழைகிற இடத்தில் எங்கோ நேராக எர்த்துக்குப் போகிறது, அடாப்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துகொள்கிறது. இந்த நிலையில் பவர் பட்டனை எத்தனை நேரம் அழுத்திப் பிடித்தாலும் பயனில்லை. விளக்கு எரிந்துகொண்டே இருந்து ஸ்க்ரீன் மட்டும் கறுப்பாக இருந்தால் கதை வேறு. அப்போது பட்டனை 30 விநாடி பிடிப்பது, ராமைக் கழற்றி மாட்டுவது, வெளி மானிட்டர் செருகுவது எல்லாம் பார்க்க வேண்டியவைதான்.

பின்மூடியைத் திறந்து முதலில் உள் பேட்டரியின் கனெக்டரைக் கழற்றினேன். சார்ஜர் பின்னுக்குப் பக்கத்தில், காற்று போகும் ஓட்டையை ஒட்டி, போர்டில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. அளத்தில் வரப்பு மேல் உட்கார்ந்து இதைத் திறந்து வைத்து வேலை பார்ப்பது உண்டா என்று கேட்டேன். உண்டு என்றார். இந்த ஊரில் உப்புக்காற்றில் அரித்த போர்டு புதுசில்லை.

எது உண்மையில் தொலைந்தது

அன்றைக்குப் போர்டைத் தொடவில்லை. ஒரு தாளை எடுத்து, எந்தெந்த ஃபைல் வேறு எங்காவது இருக்க வாய்ப்புண்டு என்று அவரையே எழுதச் சொன்னேன். அரை மணி நேரம் ஆனது.

மூன்று அத்தியாயங்களை நெறியாளருக்கு மெயிலில் அனுப்பியிருந்தார், அவை அனுப்பிய மெயில்களில் கிடைத்தன. ஏப்ரல் மாதம் ஒரு பென்டிரைவில் போட்டு வைத்ததில் 17 பேட்டிகள் இருந்தன. ஆக, வேறு எங்குமே இல்லாதவை 26 பேட்டிகள், கடைசி இரண்டு அத்தியாயங்கள், அட்டவணைகள். போனில் அழித்ததை மீட்க முடியாதா என்று கேட்டார். அழித்து மாதக்கணக்கில் ஆகி, அதன்மேல் ஆயிரம் போட்டோ எடுத்த போன் அது. அதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம் என்றேன்.

பட்டியல் போட்டதும் அவர் முகத்தில் கொஞ்சம் இரத்தம் திரும்பியது. எனக்கும் லாபம்: தேடவேண்டியது என்ன என்று தெளிவானது.

பூட்டு

எஸ்எஸ்டியைக் கழற்றி யுஎஸ்பி பெட்டியில் போட்டு, லினக்ஸ் ஓடும் கடைக் கம்ப்யூட்டரில் செருகினேன். டிஸ்க் ஆரோக்கியமாகவே இருந்தது. தேய்மானம் 6%, படிப்பதில் பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் பெரிய பார்ட்டிஷன் பிட்லாக்கர், அதாவது விண்டோஸ் போடும் டிஸ்க் பூட்டு, என்று காட்டியது. முந்தைய கடையில் "லாக்" என்று சொன்னது இதைத்தான்.

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் வருகிறவர்களில் பாதிப் பேர் "நான் எந்தப் பூட்டும் போடலையே" என்றுதான் சொல்வார்கள். உண்மைதான், அவர்கள் போடுவதில்லை. விண்டோஸ் 11 போட்டு வரும் பல லேப்டாப்களில், முதன்முறை மைக்ரோசாஃப்ட் கணக்கு கொடுத்து உள்ளே போனவுடன் டிஸ்க் தானாகவே, சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி, குறியாக்கம் ஆகிவிடுகிறது. ஹோம் பதிப்பிலும் இது உண்டு. சாவி டிபிஎம் எனும் பாதுகாப்புப் பகுதியின் பொறுப்பில் இருக்கும். அது இப்போதெல்லாம் பெரும்பாலும் பிராசஸரோடு சேர்ந்தே வருகிறது, அந்தப் பிராசஸரோ போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. தினமும் லேப்டாப் எழும்போது டிபிஎம் சத்தமில்லாமல் டிஸ்க்கைத் திறந்துவிடும். அதனால் பூட்டு இருப்பதே யாருக்கும் தெரிவதில்லை.

போர்டு செத்தால் டிபிஎம்மும் அதோடு போகிறது. மிஞ்சுவது 48 இலக்க மீட்புச் சாவி ஒன்றுதான். அது முதலில் உள்ளே போன மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். சாவி இல்லாமல் திறக்க ஏதாவது சாஃப்ட்வேர் இருக்கிறதா என்று அவருடைய கணவர் கேட்டார். இல்லை. இருப்பதாகச் சொல்லி முன்பணம் கேட்கிறவரிடம் கொடுத்துவிட வேண்டாம் என்றும் சொன்னேன்.

டிஸ்க்கைப் பூட்டிய நிலையிலேயே, முதல் பைட் முதல் கடைசி பைட் வரை, ஒரு 1 டிபி டிஸ்க்குக்கு அப்படியே நகல் எடுக்கப் போட்டுவிட்டுக் கடையைச் சாத்தினேன். காலையில் வந்து பார்த்தபோது பிழையில்லாமல் முடிந்திருந்தது. நகலும் பூட்டியபடிதான் இருக்கும், சாவி கிடைத்தால் அதுவும் திறக்கும்.

இரண்டாம், மூன்றாம் நாள்: கணக்கு யாருடையது

அவருடைய மெயிலில் மைக்ரோசாஃப்ட் கணக்கு இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் எந்த லேப்டாப்பும் அதில் பதிவாகவில்லை, மீட்புச் சாவியும் இல்லை. கணவரின் கணக்கும் அப்படித்தான்.

லேப்டாப்பைத் திறக்கும்போது என்ன பெயர் வரும் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு கடைப் பெயரைச் சொன்னார். வாங்கிய கடை. இரண்டரை வருடமாகத் தினமும் காலையில் அந்தக் கடையின் பெயரைச் சொல்லித்தான் லேப்டாப் இவரை வரவேற்றிருக்கிறது. பின் நம்பரைத் தட்டி உள்ளே போய்விடுவார், அந்தப் பெயரைப் பற்றி யோசித்ததே இல்லை.

விஷயம் புரிந்தது. விற்ற கடைப் பையன் அவசரத்துக்கு ஒரு மெயில் உருவாக்கி, அதிலேயே எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்திருக்கிறான். செல்போன் கடைகளில் ஜிமெயில் போட்டுக் கொடுப்பதுபோல. அந்தக் கடை மூடி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. பில்லில் இருந்த நம்பர் உபயோகத்தில் இல்லை. தெரிந்தவர்கள் மூலமாக உரிமையாளரைப் பிடித்தோம். "தம்பி ஒருத்தன் போட்டான், இப்ப திருப்பூர்ல இருக்கான்" என்றார். அந்தத் தம்பியிடமும் பேசினோம். உதவத்தான் நினைத்தார், பாவம். மெயில் முகவரி ஓரளவு ஞாபகம் இருந்தது, பாஸ்வேர்டு இல்லை. மீட்பு நம்பராகக் கொடுத்திருந்தது கடையின் அதே பழைய நம்பர். இரண்டு நாள் இதிலேயே போனது.

எடுத்த முடிவு

இனி ஒரே வழிதான் பாக்கி. செத்த போர்டையே எழுப்ப வேண்டும். வேறு போர்டு, அதே மாடலாகவே இருந்தாலும், உதவாது. சர்வீஸ் சென்டரில் கையெழுத்துப் போட்டிருந்தால் பழைய போர்டு அவர்களோடு போயிருக்கும், அதோடு சாவியும் போயிருக்கும். அவர்கள் சொன்னது தப்பென்று சொல்லமாட்டேன், லேப்டாப்பைச் சரிசெய்வதுதான் அவர்கள் வேலை.

போர்டை நிரந்தரமாகச் சரிசெய்ய நான் நினைக்கவில்லை. ஒருமுறை எழுந்து, விண்டோஸ் வரை போய், சில நிமிடம் நின்றால் போதும். இந்தக் கணக்கில்தான் மற்ற முடிவுகளும். பயாஸுக்குள் போய் எதையும் மாற்றுவதில்லை, நம்பகமான மென்பொருளை மட்டும் எழவிடும் செக்யூர் பூட் பக்கம் போவதே இல்லை, பயாஸ் அப்டேட் கிடையாது. இவற்றில் ஒன்று மாறினாலும் டிபிஎம் சந்தேகப்பட்டுச் சாவியைக் கேட்கக்கூடும். முந்தைய கடையில் பயாஸ் பேட்டரியைக் கழற்றியதுதான் எனக்கு உறுத்தல். ஆனால் இவர் எந்த அமைப்பையும் மாற்றிக்கொண்டவர் இல்லை. ஆரம்ப நிலைக்கே திரும்பியிருந்தாலும் அது பழைய நிலையாகவே இருக்க வாய்ப்பு அதிகம் என்று நம்பினேன்.

வெற்றி பெறாமலும் போகலாம், போர்டு மொத்தமாகக் கெடலாம் என்று எழுதி, அவர் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகுதான் தொட்டேன்.

நான்காம் நாள்: போர்டு

அடாப்டர் கரண்ட் போர்டுக்குள் நுழையும் மெயின் லைனில் எர்த்துக்கு 0.3 ஓம். சரியான போர்டில் இது ஆயிரக்கணக்கில் இருக்க வேண்டும். அடுத்து பிராசஸர், ராம், 5 வோல்ட், 3.3 வோல்ட் காயில்கள் ஒவ்வொன்றாக அளந்தேன். எல்லாம் இருக்க வேண்டிய அளவில் இருந்தன.

இந்த இடத்தில் அவசரப்படுகிறவர்கள் உண்டு. மெயின் லைனுக்கும் பிராசஸர் லைனுக்கும் நடுவில் சுவிட்ச் மாதிரி நிற்கும் மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகியிருந்தால், மெயின் லைனில் நாம் கொடுக்கும் கரண்ட் நேராகப் பிராசஸருக்குள் போகும். சாவி இருப்பதே அங்கேதான். அதனால் ஒவ்வொரு மாஸ்ஃபெட்டையும் இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைத்தேன். ஷார்ட் மெயின் லைனில் மட்டும்தான்.

பவர் சப்ளையை 1 வோல்ட்டுக்கு இறக்கி, கரண்ட்டுக்கு 3 ஆம்பியர் வரம்பு வைத்து மெயின் லைனில் கொடுத்தேன். 2.8 ஆம்பியர் இழுத்தது. அவ்வளவு கரண்ட் எங்கே போகிறதோ அங்கே சூடேறும். தெர்மல் கேமரா என்னிடம் இல்லை. பிரஷ்ஷில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு அந்தப் பகுதி முழுக்க ஈரமாக்கினேன். போர்டு பளபளவென்று இருந்தது. மூன்று விநாடிக்குள், பச்சை பூத்த இடத்தை ஒட்டி வரிசையாக நின்ற ஐந்து கெப்பாசிட்டர்களில் இரண்டாவதன் தலையில் மட்டும் ஈரம் வற்றியது. துடைத்துவிட்டு மறுபடி நனைத்தேன், மறுபடி அதுவேதான். அரிசியைவிடச் சின்னது.

ஹாட் ஏரில் அதைக் கழற்றினேன். வேறு போடவில்லை. பக்கத்தில் நான்கு இருக்கின்றன, சில நிமிட வேலைக்கு அவை போதும். மீட்டரில் மெயின் லைன் 180 கிலோ ஓமுக்கு மேல் ஏறியது. அடாப்டரைச் செருகினேன், விளக்கு அணையவில்லை.

எஸ்எஸ்டியை உடனே மாட்டவில்லை. டிஸ்க் இல்லாமலே பவர் பட்டனை அழுத்தி, டிஸ்க் செருகும் இடத்தில் வோல்டேஜ் பார்த்தேன். 3.31, ஆடாமல் நின்றது. ஸ்க்ரீனில் பூட் செய்ய டிஸ்க் இல்லை என்று வந்தது. அணைத்துவிட்டு, எஸ்எஸ்டியை மாட்டி, அவரைப் போனில் கூப்பிட்டேன். பின் நம்பரை அவர் கையாலேயே போடட்டும் என்று.

48 இலக்கங்கள்

விண்டோஸ் நேராகத் திறந்தது. தேதி தவறாக இருந்தது, சாவி கேட்கவில்லை. கடைப் பெயர் வந்தது, இவர் நம்பரைத் தட்டினார். டெஸ்க்டாப்பில் ஃபோல்டர்களைப் பார்த்தவுடன் "காப்பி பண்ணிரலாமாண்ணே" என்றார்.

கொஞ்சம் பொறுங்கள் டீச்சர் என்றேன். 31 ஜிபி காப்பி ஆக நேரம் பிடிக்கும், அந்த நேரம் வரை போர்டு நிற்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. சாவியை எடுக்க ஒரு நிமிடம் போதும். கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மின் உரிமையோடு திறந்து, மேனேஜ்-பிடிஈ கட்டளையில் சி டிரைவின் பாதுகாப்பு விவரங்களைக் கேட்டேன். ஆறு ஆறு இலக்கமாக எட்டுக் கூட்டம் வந்தது. போனில் ஒரு போட்டோ எடுத்தேன். அவர் வாசிக்க, நான் பேப்பரிலும் எழுதினேன்.

எழுதியதைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. ஒவ்வொரு ஆறிலக்கக் கூட்டமும் 11ஆல் மீதியில்லாமல் வகுபடும். கால்குலேட்டரில் எட்டையும் போட்டோம். ஐந்தாவது கூட்டம் வகுபடவில்லை. 1ஐ 7 என்று எழுதியிருக்கிறேன், என் கையெழுத்து அப்படி. திருத்தினேன். இவ்வளவும் நான்கு நிமிடம்.

அப்புறம் வெளி டிஸ்க்கைச் செருகிக் காப்பியைப் போட்டேன்.

கரண்ட் போனது

ஆறு ஜிபி போயிருக்கும், தெருவில் கரண்ட் போய்விட்டது. உள் பேட்டரியைக் கழற்றி வைத்திருந்தேன், அடாப்டரில் மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. கடையில் யுபிஎஸ் இருக்கிறது, ஆனால் அந்த மேசைக்கு லைன் இல்லை. ரெண்டு வருடமாக இழுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்த லைன். இதில் வேறு யாரையும் குறை சொல்வதற்கில்லை, என் தப்புதான்.

இருபது நிமிடம் கழித்து கரண்ட் வந்தது. லேப்டாப் எழவில்லை. அடாப்டர் விளக்கு எரிந்தது, ஆனால் எப்போதும் இருக்க வேண்டிய 3.3 வோல்ட் இல்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பேப்பரைக் காட்டி, போர்டு இனி தேவையில்லை என்று சொன்னேன்.

எஸ்எஸ்டியையும் தொடவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் அறுந்த டிஸ்க் அது, உள்ளே என்ன நிலையோ. முதல் நாள் இரவு எடுத்த நகல் இருந்தது. அதை லினக்ஸில் படிக்க மட்டும் என்று இணைத்து, 48 இலக்கத்தையும் அடித்தேன். திறந்துகொண்டது.

விளைவு

பட்டியலில் இருந்த எல்லா ஃபைலும் வந்தன, இரண்டு பேட்டிகளைத் தவிர. அந்த இரண்டும் பெயரோடு இருந்தன, அளவு பூஜ்யம். போனிலிருந்து மாற்றும்போதே கேபிள் விட்டுப்போயிருக்க வேண்டும். மீட்க அங்கே எதுவும் இல்லை. ஒருவரை மறுபடி பார்த்துப் பேச முடியும் என்றார். இன்னொருவர் வயதான அளத் தொழிலாளி, அந்த வருடமே காலமாகிவிட்டார். அவர் பேசியதன் குறிப்பு ஒரு நோட்டில் கையெழுத்தாக இருக்கிறது.

ஆறாம் நாள் எல்லாவற்றையும் இரண்டு டிஸ்க்கில் போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொரு ஃபோல்டரிலும் நாலைந்து ஃபைலைத் திறந்து, கேட்டுப் பார்த்த பிறகே வாங்கிக்கொள்ளச் சொன்னேன். கூலி ₹4,500, டிஸ்க்குக்குத் தனி. அவர் வேறு லேப்டாப் வாங்கினார், சொந்த மெயிலில் சொந்தக் கையால் கணக்குப் போட்டார். போர்டைச் சரிசெய்து தரவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டார்.

பிறகு மாற்றியவை

அந்த மேசைக்கு யுபிஎஸ் லைன் மறுவாரமே இழுத்தாயிற்று.

சாவி தேடியதில் இரண்டு நாள் வீணானது என் கணக்குப் பிழை. உள்ளே போகும்போது என்ன பெயர் வரும் என்று முதல் நாளே கேட்டிருக்கலாம். இப்போது லேப்டாப்பை வாங்கி வைக்கும் சீட்டில் அந்தக் கேள்வி தனி வரியாக அச்சடித்திருக்கிறது. ஃபைல் வேண்டுமா, மிஷின் வேண்டுமா என்பது அதற்கு முந்தின வரி. முன்பு வேறு எங்காவது காட்டினீர்களா, என்ன செய்தார்கள் என்பதற்கும் இடம் விட்டிருக்கிறேன்.

பேட்டரி விஷயத்தில் எனக்கு இன்னும் ஒரு முடிவில்லை. ஷார்ட் தேடும்போது பேட்டரி இணைந்திருக்கவே கூடாது. ஷார்ட் எடுத்த பிறகு, அளவெல்லாம் சரியென்று பார்த்துவிட்டு மாட்டியிருந்தால் கரண்ட் போனபோது தாங்கியிருக்கும். ஆனால் அரித்த போர்டில் பேட்டரியை மாட்டினால், வேறொரு இடம் ஷார்ட்டாகும்போது அடாப்டர் மாதிரி அது உடனே அணைந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது. இப்போதைக்கு யுபிஎஸ்ஸை நம்பி, பேட்டரி இல்லாமல்தான் செய்கிறேன்.

சரியான நிலையில் சர்வீஸுக்கு வரும் லேப்டாப்களிலும், உரிமையாளர் ஒத்துக்கொண்டால், அவர் முன்னாலேயே அந்தக் கட்டளையைப் போட்டு 48 இலக்கத்தைப் பிரின்ட் எடுத்து அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். கடையில் நகல் வைத்துக்கொள்வதில்லை. லேப்டாப் பையிலேயே வைக்காதீர்கள், வீட்டில் ரேஷன் கார்டு இருக்கும் இடத்தில் வையுங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன்.